24 வயதில் சிரிப்புக் கோடுகள்: ஃபில்லர் தேவையா?

கேள்வி (செங்கோட்டை): சிரிக்காதபோதும் மூக்கோரத்திலிருந்து வாயோரம் வரை கோடு தெரிகிறது. வேலைக்காகப் புளியரை தாண்டிக் கேரளத்துக்குத் தினமும் வெயிலில் பைக்கில் போய்வருகிறேன். மடிப்பை நிரப்பப் போடும் ஊசியான ஃபில்லர் போட்டுக்கொள்ளலாமா?

பதில் 1: தம்பி, அந்த மடிப்பு எல்லா முகத்திலும் இயல்பாக இருப்பதுதான். ஆனால் புற ஊதாக் கதிர்கள் தோலை உறுதியாக வைத்திருக்கும் புரதமான கொலாஜனைச் சிதைத்து அதை ஆழமாக்கும் என்பதால், எஸ்பிஎஃப் (வெயில் காப்பு அளவு) 30க்குக் குறையாத சன்ஸ்கிரீனைப் பூசி, வெயிலில் இருக்கும்வரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் பூசுங்கள். புகைப்பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

பதில் 2: மருத்துவர் பரிந்துரைத்தால் இரவில் ரெட்டினாய்டு (வைட்டமின் ஏ வகை மருந்து) களிம்பு உதவும், பலன் தெரிய மாதங்களாகும். கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டும்.

பதில் 3: ஹையலூரானிக் அமில (தோலில் இயல்பாகவே உள்ள பொருள்) ஃபில்லர் நிரந்தரமல்ல, நாளடைவில் கரைந்துவிடும். அது தவறுதலாக இரத்தக்குழாயில் ஏறினால் தோல் அழுகலாம், அரிதாகப் பார்வையே போகலாம் என்பதால், அழகு நிலையத்தில் ஊசி போட்டுக்கொள்ளவே கூடாது. உங்கள் வயதில் அவசரமில்லை என்பதே என் உறுதியான கருத்து. முதலில் தோல் மருத்துவரைப் பாருங்கள்.