ரஷ்யாவின் விளாதிமிர் நகரில் ரயிலை விட்டு இறங்கியவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஜன்னலோரம்:
சைபீரியா போகும் வழியில் இறங்கினோம். ஸ்டேஷனிலிருந்தே மேட்டின் மேல் உஸ்பென்ஸ்கி தேவாலயத்தின் பொன் குவிமாடங்கள் தெரியும், வழி சொல்ல வேண்டியதில்லை. உள்ளே எல்லாரையும் போல நேரே நடுக்கூடத்துக்குப் போனேன். மெழுகுவர்த்தி விற்கும் பாட்டி என் முழங்கையைப் பிடித்து மேற்குப் பக்கம் இழுத்துவந்து, மேலே பார் என்று கைகாட்டினார். 1408-இல் அந்திரேய் ருப்ளெவ், தனியீல் சோர்னி என்ற இரண்டு ஓவியர்கள் தீட்டிய இறுதித் தீர்ப்பு ஓவியம். தீர்ப்பு நாள் என்றால் நெருப்பும் அலறலும்தானே எதிர்பார்ப்போம்? இங்கே பேதுரு திரும்பிப் பார்த்தபடி முன்னே போக, புனிதர்கள் கல்யாணத்துக்குப் போகிறவர்கள் மாதிரி நிதானமாக நடக்கிறார்கள். பாட்டி கண்ணில் நீரோடு ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்கு ரஷ்ய மொழி தெரியாது. என்ன சொன்னார் என்பது இன்னும் மனதை அரிக்கிறது.

கீழவீதி:
பாட்டி 1238-இல் நடந்ததைச் சொல்லியிருப்பார். மங்கோலியர் நகரைப் பிடித்தபோது பிஷப்பும் அரச குடும்பமும் தஞ்சம் புகுந்தது அந்தத் தேவாலயத்தில்தான். அதற்குத் தீ வைத்துவிட்டார்கள், உள்ளே இருந்தவர்கள் அங்கேயே மாண்டார்கள்.
நாங்கள் இறங்கவில்லை. ரயில் பாதையில் அங்கே டிசி (நேர்) மின்சாரம் முடிந்து ஏசி (மாறுதிசை) மின்சாரம் தொடங்குவதால் எஞ்சின் மாற்றுவார்கள், பிளாட்பாரத்தில் நிற்க நேரம் கிடைக்கும். வண்டி கிளம்பியதும் எங்கள் ரயில் பெட்டியைக் கவனித்த பணியாளர் அம்மா ஒவ்வொரு கதவாகத் தட்டி வலப்பக்க ஜன்னலுக்கு வரச் சொன்னார். வசந்த வெள்ளம். நடுத்தண்ணீரில் வெள்ளையாக, தன்னந்தனியாக நேர்ல் ஆற்றங்கரைத் தேவாலயம். சில நொடிதான். அவர் சிலுவைக் குறி போட்டுக்கொண்டு டீ கொடுக்கப் போய்விட்டார். பயணம் முழுக்க அவர் எங்களிடம் கேட்டுக்கொண்டது அது ஒன்றைத்தான்.

நாடோடி:
@கீழவீதி, ஜன்னல் வழியாகப் பார்த்ததைப் பார்த்த கணக்கில் சேர்க்காதீர்கள். நான் அந்த நேர்ல் தேவாலயத்துக்கே புல்வெளியில் நடந்து போனேன். புல் அறுத்துக்கொண்டிருந்த ஒருவர் அரிவாளை வைத்துவிட்டுப் பாதி தூரம் கூடவே வந்தார், பேர்கூடக் கேட்கவில்லை. அவ்வளவுதான் என் கதை.
போகிறவர்களுக்கு: விளாதிமிரிலிருந்து நேர்ல் தேவாலயத்துக்குப் பக்கத்து ஊரான பொகொல்யூபோவோவுக்கு உள்ளூர் ரயிலோ பஸ்ஸோ பிடியுங்கள். தண்டவாளத்தின் மேல் நடைபாலம் ஏறி இறங்கினால் சுமார் ஒன்றரை கிலோமீட்டர், நிழலே கிடையாது. வெள்ள காலத்தில் நடந்து போக முடியாது, படகு இருக்கிறதா என்று முதலிலேயே விசாரியுங்கள். பெண்கள் தலைக்குத் துணி எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஓவியம் எதுவும் மிஞ்சவில்லை, வெளிச்சுவரைப் பாருங்கள். மூன்று பக்கமும் உச்சியில் தாவீது அரசர் யாழோடு உட்கார்ந்திருக்கிறார், சிங்கமும் பறவையும் கேட்டுக்கொண்டிருக்கின்றன. ஒரு பக்கத்தைப் படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள், மூன்றையும் சுற்றி வாருங்கள். உஸ்பென்ஸ்கியில் பூசை நேரத்தில் சுற்றிப் பார்க்க விடமாட்டார்கள், அதனால் நேர்லைக் காலையிலும் உஸ்பென்ஸ்கியை மதியத்துக்கு மேலும் வைத்துக்கொள்ளுங்கள்.