மின்கம்பம் எட்டாத தோப்பு வீட்டுக் கிணறு: 12 வோல்ட் மோட்டார் போதுமா?

எருத்தேம்பதித் தோப்பு (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய எங்கள் தென்னந்தோப்புக்குள் பழைய ஓட்டு வீடு ஒன்று இருக்கிறது. என் பெற்றோர் இனி அங்கேயே தங்குவது என்று முடிவு செய்திருக்கிறார்கள். மின்கம்பி இழுக்க வேண்டுமானால் பிறர் நிலத்தின் வழியாகத்தான் வர வேண்டும். அதற்கு ஒப்புதல் கிடைக்கவில்லை. விளக்குக்கும் மின்விசிறிக்கும் சோலார் பலகையும் 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரியும் வைத்துவிட்டோம். தண்ணீரை மட்டும் அம்மா இன்னும் ராட்டினத்தில்தான் இறைக்கிறார். அவருடைய தோள்பட்டை வலி அதனால் மோசமாகிக்கொண்டே போவதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை.

கிணறு 60 அடி ஆழம். ஐப்பசி மழை நன்றாகப் பெய்தால் தண்ணீர் 25 அடியில் நிற்கும். ஆடியில் 40 அடி, சித்திரையில் 50 அடி வரை இறங்கிவிடும். கிணற்றுக்கும் வீட்டுக்கும் இடையே 40 மீட்டர். தொட்டியின் வாய் தரையிலிருந்து 18 அடி உயரத்தில் இருக்கிறது. வீட்டுக்கும் இரண்டு மாடுகளுக்குமாகச் சேர்த்து நாளொன்றுக்கு 1000 லிட்டர் போதும். தோப்புக்கு வாய்க்கால் தண்ணீர் வருவதால் பாசனத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

இணையத்தில் 12 வோல்ட், 100 வாட் நீர்மூழ்கி மோட்டார் ஒன்றைப் பார்த்தேன். "70 மீட்டர் உயரம், நிமிடத்துக்கு 12 லிட்டர்" என்று விளம்பரத்தில் எழுதியிருக்கிறார்கள். அதையே வாங்கி இப்போதிருக்கும் பேட்டரியில் இணைக்கலாமா, அல்லது 24 வோல்ட்டுக்குப் போக வேண்டுமா? அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

சித்தூர்ப்புழைக் கரை:

தம்பி, நீங்கள் சித்திரை மாத நீர்மட்டத்தையும் சேர்த்துச் சொன்னது பெரிய உதவி. பலரும் இன்றைக்குத் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பார்த்து மோட்டார் வாங்கிவிடுகிறார்கள். கோடையில்தான் அது ஏற்ற முடியாமல் திணறுகிறது.

உங்கள் கிணற்றுக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 50 அடியும் 18 அடியும் சேர்ந்தால் 68 அடி, அதாவது ஏறத்தாழ 21 மீட்டர். குழாயின் உட்சுவரில் தண்ணீர் உரசுவதால் ஏற்படும் இழப்பையும் இதோடு கூட்ட வேண்டும். நிமிடத்துக்கு 12 லிட்டர் ஓடினால், 60 மீட்டர் நீளமுள்ள 25 மி.மீ. எச்டிபிஇ குழாயில் அந்த இழப்பு 2 மீட்டரை ஒட்டி வரும், 32 மி.மீ. குழாய் போட்டால் அரை மீட்டர்தான். கொஞ்சம் கையிருப்பு வைத்து மொத்த உயரத்தை 25 மீட்டர் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

1000 லிட்டர் தண்ணீரை 25 மீட்டர் உயர்த்தத் தேவையான ஆற்றல் 68 வாட்-மணிதான். சிறிய பம்புகளின் திறன் குறைவு என்பதால், செலுத்தும் மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்குதான் வேலையாகும் என்று வைத்துக்கொண்டாலும் 200 வாட்-மணியில் உங்கள் ஒரு நாள் தேவை முடிந்துவிடும். 100 வாட் மோட்டார் நல்ல வெயிலில் இரண்டு மணி நேரம் ஓடினால் போதும். ஒரு குதிரைத்திறன், இரண்டு குதிரைத்திறன் என்று பேசிப் பழகிய நமக்கு இது நம்ப முடியாததாகத் தோன்றும். ஆனால் தோப்புக்குப் பாய்ச்சுவதும் வீட்டுத் தொட்டியை நிரப்புவதும் வேறு வேறு அளவுள்ள வேலைகள்.

இதே கணக்கை விளம்பரத்தின் மீதும் போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு 12 லிட்டரை 70 மீட்டர் ஏற்ற வேண்டுமானால், இழப்பே இல்லாத பம்புக்கும் 137 வாட் வேண்டும். 100 வாட் மோட்டாரால் அது நடக்காது. 70 மீட்டர் என்பது தண்ணீர் ஏறக்குறைய வராமல் நின்றுபோகும் உயரம். 12 லிட்டர் என்பது உயரமே இல்லாமல் கொட்டும்போது கிடைக்கும் அளவு. இரண்டும் ஒருசேரக் கிடைக்கும் என்று நினைக்கும்படி விளம்பரம் எழுதப்பட்டிருக்கிறது. எந்த மோட்டாரானாலும் "25 மீட்டர் உயரத்தில் மணிக்கு எத்தனை லிட்டர்?" என்று கேளுங்கள், அதைக் காட்டும் அட்டவணை தராத விற்பனையாளரிடம் வாங்காதீர்கள்.

இனி வோல்ட். 100 வாட்டுக்கு 12 வோல்ட்டில் 8.3 ஆம்பியர் ஓடும், 24 வோல்ட்டில் அதில் பாதிதான். வீட்டுப் பேட்டரியிலிருந்து மோட்டார் வரை, கிணற்றுக்குள் இறங்குவதையும் சேர்த்து, 55 மீட்டர். மின்சாரம் போய்த் திரும்ப வேண்டும் என்பதால் கம்பியின் நீளம் 110 மீட்டர். 4 சதுர மி.மீ. செம்புக் கம்பியே போட்டாலும் 12 வோல்ட்டில் நான்கரை வோல்ட் வழியிலேயே போய்விடும். மோட்டாருக்கு ஏழரை வோல்ட்தான் எஞ்சும். 24 வோல்ட்டில் இழப்பு இரண்டு வோல்ட்டைச் சிறிது தாண்டும். ஆகவே 24 வோல்ட்டே எடுங்கள், பலகையையும் கிணற்றடியிலேயே நிறுத்திவிடுங்கள். கம்பி 25 மீட்டராகக் குறைந்தால் இழப்பு ஒரு வோல்ட்டில் அடங்கிவிடும்.

பேட்டரியைத் தொட வேண்டாம். இரவு விளக்குக்கும் விசிறிக்கும் அது வேண்டும். பகலில் வெயில் இருக்கும்போது நேரடியாக இறைத்துத் தொட்டியில் வைத்தால் அதுவே உங்கள் சேமிப்பு. தண்ணீர் தேங்கியிருப்பதால் தொட்டிக்கு வயதாவதில்லை, பேட்டரிக்கு ஒவ்வொரு சார்ஜிலும் வயதாகிறது. 1000 லிட்டருக்குப் பதில் 2000 லிட்டர் தொட்டி வைத்தால் மேகமூட்டமான ஒரு நாளைக் கவலையின்றிக் கடக்கலாம். தாங்கும் மேடை இரண்டு டன் எடைக்குக் கட்டப்பட்டிருக்க வேண்டும்.

வேலந்தாவளம் மோட்டார் பணிமனை:

மேலே சொன்ன கணக்கில் குறை எதுவும் இல்லை. ஆனாலும் நான் வேறு பக்கத்திலிருந்து பேச வேண்டியிருக்கிறது. மோட்டார் காயில் (செம்புக் கம்பிச் சுருள்) கட்டும் தொழிலில்தான் என் வாழ்க்கை போயிருக்கிறது. 230 வோல்ட் மோட்டார் பழுதானால் எங்கள் ஊரிலும், கொழிஞ்சாம்பாறையிலும், எல்லை தாண்டிப் போனால் கோயம்புத்தூரிலும் அதைச் சரிசெய்யப் பலர் இருக்கிறார்கள். நீங்கள் பேசும் பிரஷ் இல்லாத டிசி (நேர்மின்சார) மோட்டார்களில் பெரும்பாலும் காயில் போவதில்லை, மோட்டாரைச் சுழல வைக்கும் மின்சுற்றான கண்ட்ரோலர்தான் போகிறது. அந்த மின்சுற்றைப் பிசின் ஊற்றி அடைத்துவிடுவதால் திறந்து பார்க்கவும் வழியில்லை. வயதான இருவர் தோப்புக்குள் தனியாக இருக்கும் வீட்டில், தண்ணீர் நின்றுபோய்ப் புதுக் கண்ட்ரோலர் தபாலில் வரக் காத்திருப்பது எவ்வளவு துன்பம் என்று எண்ணிப் பாருங்கள். அரைக் குதிரைத்திறன் சாதாரண மோட்டாரும் ஒரு நல்ல இன்வெர்ட்டரும் வைப்பதை நீங்கள் ஒதுக்கிவிடக் கூடாது என்பது என் கருத்து.

சித்தூர்ப்புழைக் கரை:

பழுதுபார்ப்பு பற்றி அண்ணன் சொல்வதை முழுமையாக ஏற்கிறேன். இன்வெர்ட்டர் வழியில் மட்டும் ஒரு தடை இருக்கிறது. அரைக் குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போது 600 வாட் அளவுக்கு இழுத்தாலும், கிளம்பும் நொடியில் அதைப் போலப் பல மடங்கு கேட்கும். அதைத் தாங்கும் இன்வெர்ட்டரும், 12 வோல்ட்டிலிருந்து அவ்வளவு ஆம்பியரை ஒரே மூச்சில் கொடுக்கும் பேட்டரியும் வாங்கினால், தண்ணீருக்குச் செய்யும் செலவைவிட மோட்டாரைக் கிளப்புவதற்குச் செய்யும் செலவு பெரிதாகிவிடும். இருக்கும் 150 ஆம்பியர்-மணி பேட்டரியில் இதைச் செய்தால் அதன் ஆயுள் குறையும்.

அண்ணனின் கவலைக்கு வேறொரு வழி உண்டு. கண்ட்ரோலர் மோட்டாருக்குள்ளேயே அடங்கிய வகையைத் தவிர்த்து, அது வெளியே தனிப்பெட்டியாக இருக்கும் வகையை வாங்குங்கள். உதிரிக் கண்ட்ரோலர் ஒன்றையும் சேர்த்தே வாங்கி வீட்டில் வைத்துவிட்டால், பழுது வரும் நாளில் கம்பிகளை மாற்றிக் கொடுக்க உள்ளூர் எலக்ட்ரீஷியனே போதும்.

அகளி மலையடிவாரம்:

அட்டப்பாடியின் கிழக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டிலும் இதே நிலைதான் என்பதால் எழுதுகிறேன். வோல்ட்டைப் பற்றிப் பேசிவிட்டீர்கள், பம்பின் வகையைப் பற்றி யாரும் சொல்லவில்லை. எனக்கு அதுதான் முதன்மையாகத் தோன்றுகிறது.

முதலில், தரையில் வைத்து உறிஞ்சும் பம்பு உங்களுக்கு ஆகாது. காற்றழுத்தம் தாங்கும் உயரமே 10 மீட்டர் சொச்சம்தான், நடைமுறையில் 7 மீட்டருக்கு மேல் உறிஞ்சாது. நீர்மூழ்கிகளில் சிறிய வோல்ட்டில் மூன்று வகை கிடைக்கின்றன. டயாஃப்ரம் வகை விலை குறைவு. ஆனால் உள்ளே இருக்கும் ரப்பர் படலமும் வால்வும் தேயும் பொருள்கள், அவ்வப்போது மேலே இழுத்து மாற்ற வேண்டும். நாங்கள் அதைத்தான் வைத்திருக்கிறோம், மாற்றத் தெரிந்தவர்கள் வீட்டில் இருப்பதால் சமாளிக்கிறோம். வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்கு அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இம்பெல்லர் வகையில், அதாவது இறக்கைச் சக்கரம் சுழன்று தள்ளும் வகையில், தண்ணீர் அதிகம் வரும். ஆனால் அது ஏற்றும் உயரம் சுழலும் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறுகிறது. மேகம் மறைத்து வேகம் பாதியானால், ஏற்றும் உயரம் கால் பங்காகிவிடும். மோட்டார் சுற்றிக்கொண்டே இருக்கும், தண்ணீர் குழாயின் நடுவிலேயே நின்றுவிடும். ரப்பர் உறைக்குள் திருகு போன்ற தண்டு சுழலும் ஸ்க்ரூ வகை அப்படியல்ல. மெதுவாகச் சுற்றினாலும் மெதுவாகவே தண்ணீரை மேலே தள்ளிக்கொண்டிருக்கும். ஆடி மாதத்து மங்கிய வெயிலில் 40 அடிக்குக் கீழிருந்து இறைக்க வேண்டிய உங்கள் கிணற்றுக்கு ஸ்க்ரூ வகையே பொருத்தம் என்பேன்.

அதில் இரண்டு விஷயங்களில் மிகுந்த கவனம் வேண்டும். தண்ணீர் இல்லாமல் ஓடினால் உள்ளிருக்கும் ரப்பர் உறை சிறிது நேரத்திலேயே கருகிவிடும். ஆகவே கிணற்றில் நீர் குறைந்தால் நிறுத்தும் சென்சார் கட்டாயம் இருக்க வேண்டும். இன்னொன்று, வெளியேறும் வழியை அடைத்துவிட்டு அதை ஓட்டவே கூடாது. தொட்டி நிரம்பியதும் மூடிக்கொள்ளும் பந்து வால்வைப் பொருத்தினால், பம்பு விடாமல் தள்ளிக் குழாயைப் பிளந்துவிடும். தொட்டியில் மின் மிதவைச் சுவிட்சு வைத்து மோட்டாரையே நிறுத்துங்கள்.

எருத்தேம்பதித் தோப்பு:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. 24 வோல்ட், ஸ்க்ரூ வகை, கண்ட்ரோலர் வெளியே, பேட்டரி இல்லாமல் நேரடியாகப் பலகையிலிருந்து என்று முடிவு செய்கிறேன். கோயம்புத்தூரில் விசாரிக்கப் போகிறேன். இரண்டு ஐயங்கள் இருக்கின்றன, அண்ணா. கிணற்றைச் சுற்றி எல்லாப் பக்கமும் தென்னைதான். பலகையை எங்கே நிறுத்துவது? அம்மா ஈரக் கையோடு சுவிட்சைத் தொடுவார், அது பாதுகாப்பா?

வேலந்தாவளம் மோட்டார் பணிமனை:

நல்ல முடிவு, தம்பி. உதிரிக் கண்ட்ரோலரை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

பலகையில் ஒரே ஒரு மட்டையின் நிழல் குறுக்கே விழுந்தாலும் மின்சாரம் வெகுவாகக் குறையும், ஏனென்றால் செல்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோர்க்கப்பட்டவை. காலை ஒன்பது முதல் பிற்பகல் மூன்று வரை நிழல் விழாத இடத்தைத் தை மாதத்தில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அப்போது சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் நிழல் நீளமாக விழும். தெற்கு நோக்கி 11 டிகிரி சாய்வு நம் பகுதிக்குச் சரியாக இருக்கும். தேங்காயும் மட்டையும் விழும் தூரத்துக்கு வெளியே இருக்க வேண்டும் என்பதையும் பாருங்கள். 100 வாட் மோட்டாருக்கு 200 வாட் பலகை போட்டால் மங்கிய நாளிலும் ஓடும். ஆனால் வெயிலில் சுமையில்லாமல் நிற்கும்போது பலகை தரும் வோல்ட், கண்ட்ரோலர் தாங்கும் அளவுக்குள் இருக்கிறதா என்று பார்த்தே வாங்க வேண்டும். 12 வோல்ட் எனப்படும் பலகையே அந்த நிலையில் 22 வோல்ட் வரை தரும். அப்படி இரண்டைத் தொடராக இணைத்தால் 44 ஆகிவிடும்.

அந்த அளவு வோல்ட் ஈரக் கைக்கும் உயிர் ஆபத்தை ஏற்படுத்துவது மிக அரிது. இருந்தாலும் சுவிட்சை மழை படாத பெட்டிக்குள், அம்மா நின்றபடி எட்டும் உயரத்தில் வையுங்கள். வீட்டில் போடும் சாதாரண ஏசி (மாறுமின்சார) பிரேக்கரை இதற்குப் போடவே வேண்டாம். டிசி மின்சாரம் நொடிக்குப் பலமுறை சுழியத்தைத் தொட்டு வருவதில்லை. அதனால் துண்டிக்கும்போது எழும் பொறி அணையாமல் நீண்டு பெட்டியையே எரித்துவிடும். டிசிக்கு என்று செய்த பிரேக்கரைக் கேட்டு வாங்குங்கள். ஐப்பசி இடி மின்னலுக்காகப் பலகைக்கும் கண்ட்ரோலருக்கும் இடையே, திடீரென ஏறும் வோல்ட்டைத் தரைக்கு இறக்கிவிடும் சர்ஜ் அரெஸ்டரும், பலகைச் சட்டத்துக்குத் தனி எர்த் கம்பியும் வேண்டும். மோட்டாரைக் கம்பியிலோ குழாயிலோ தொங்கவிடாமல் நைலான் கயிற்றில் கட்டி, அடிச்சேற்றுக்கு நான்கடி மேலே நிறுத்துங்கள். கம்பி இணைப்பைத் தண்ணீருக்கு மேலே வைக்க முடியாவிட்டால், நீர்மூழ்கிகளுக்கான வெப்பச் சுருக்கு உறையை, வெளியே இருக்கும் கண்ட்ரோலரிலிருந்து மோட்டாருக்குப் போகும் மூன்று கம்பிக்கும் தனித்தனியாகப் போட்டு, அதன் மேல் பெரிய உறை ஒன்றையும் போடச் சொல்லுங்கள்.