எம்.ஜி.பி. ரோட்ஸ்டரில் (பழைய பிரிட்டிஷ் திறந்த கார்) சில் வெட்டும்போது முட்டு வேண்டாமா?

அபிங்டன்71:
"ரோட்ஸ்டருக்கு சில் மாற்ற முட்டெல்லாம் வேண்டாம். கதவைக் கழற்றி, ஜாக்கில் தூக்கி, வெட்டிவிடலாம்" என்று நேற்று ஒருவர் இங்கே எழுதியிருக்கிறார். சில் என்றால் கதவுக்கு அடியில் நீளமாக ஓடும் தகட்டுப் பெட்டி. இன்னும் எரிச்சல் அடங்கவில்லை. முந்தைய மாடலான எம்.ஜி.ஏ.வுக்குத் தனிச் சேசிஸ் இருந்தது. 1962-ல் வந்த எம்.ஜி.பி.க்கு அது கிடையாது, பாடிதான் சேசிஸ். கூரையும் இல்லை. முன்னையும் பின்னையும் பிடித்து வைத்திருப்பவை இரண்டு சில்லும் நடுவே ஓடும் கியர்பாக்ஸ் டனலும்தான். கதவு வாசலுக்குக் குறுக்கே முட்டு கொடுக்காமல் வெட்டினால் கார் மடியும்.

துருவேட்டை:
அந்த ஒருவர் நான்தான். பெயர் சொல்லியே எழுதலாம், பயமில்லை. மூன்று கார் முடித்திருக்கிறேன், ஒன்றுக்கும் முட்டு இல்லை. ஒரு பக்கம் முடித்துத்தான் மறுபக்கம் தொடுவேன். மூன்றிலும் கதவு மூடுகிறது.

அபிங்டன்71:
மூடுவது வேறு, இடைவெளி சரியாக இருப்பது வேறு. கதவின் பின்பக்க மேல் மூலையில் எத்தனை மில்லிமீட்டர்? கீழே எத்தனை? சொல்லுங்கள்.

பச்சைஜிடி:
நானும் முட்டில்லாமல்தான் செய்தேன். நூல் பிடித்தாற்போல் இருக்கிறது.

அபிங்டன்71:
உங்களுடையது ஜி.டி. 1965-லிருந்தே அதற்குத் தகரக் கூரை உண்டு, அதுவே முட்டு. பேச்சு கூரையில்லாத காரைப் பற்றி.

பழையதகடு:
முதலில் முட்டு என்று எதைச் சொல்கிறீர்கள்? வெல்டிங் செய்த சதுரக் குழாயா, திருகி நீட்டும் கம்பியா, அடியில் வைக்கும் ஸ்டாண்டா?

துருவேட்டை:
அடியில் ஸ்டாண்ட் சரியாக வைத்தால் போதும் என்றுதானே சொல்கிறேன்! தம்பிக்கு அளவு வேண்டுமாம். எஸ்.யூ. கார்பரேட்டர் பற்றிப் போன வருடம் பேசினோமே, அதிலும் இப்படித்தான் பிடிவாதம் பிடித்தார்.

அபிங்டன்71:
தம்பி என்று அழைக்க வேண்டாம். கார்பரேட்டர் விஷயத்திலும் நான் சொன்னதுதான் சரி. ஸ்டாண்டை நடுவில் வைத்தால் இரண்டு முனையும் தொங்கும், கதவின் மேல் இடைவெளி விரியும். சக்கரத்தில் நிறுத்தினால் நடு இறங்கும், மேல் இடைவெளி நெருங்கிக் கதவு இடிக்கும். அந்த நிலையில் புது சில்லை வெல்டிங் செய்தால் கோணல் நிரந்தரம். என் காரை முதலில் ஒரு பட்டறையில் கொடுத்து அனுபவித்தவன் நான். உள் சில், நடுத் தகடு, அடியில் இருக்கும் காசில் ரெயில் மூன்றும் துருவில் கரைந்திருக்க, வெளி சில்லை மட்டும் மேலே ஒட்டினார்கள். ஜாக் வைத்தால் கதவு திறக்காது. எல்லாவற்றையும் பிரித்து இரண்டாவது முறை பணம் கொடுத்தேன். அதனால்தான் கேட்கிறேன், மேல் மூலையில் எத்தனை?

மழைக்காலம்:
இவ்வளவு சண்டை எதற்கு? 1988-லிருந்து பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் புதுப் பாடியே செய்து தருகிறது. வாங்கி மாட்டுங்கள்.

பச்சைஜிடி:
அதை மாட்டிய பிறகு அதை 1971 கார் என்று எப்படிச் சொல்வது?

மழைக்காலம்:
அசல் அச்சுகளில் அடித்த தகடு ஐயா! உங்கள் ஒட்டுப் போட்ட ஜி.டி.யை விட அசல்.

பச்சைஜிடி:
என் காரில் ஒட்டு இருப்பதை நீங்கள் பார்த்தீர்களா? வார்த்தையைத் திரும்பப் பெறுங்கள்.

பழையதகடு:
முட்டு என்றால் என்ன என்று கேட்டேன். யாரும் சொல்லவில்லை.

துருவேட்டை:
என் மூன்று காரும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அதற்கு மேல் என்ன நிரூபிக்க வேண்டும்?

அபிங்டன்71:
2018-லிருந்து நாற்பது வயது தாண்டிய காருக்கு இங்கிலாந்தில் எம்.ஓ.டி. என்ற வருடாந்திரத் தகுதிச் சோதனை கட்டாயமில்லை. யாரும் அடியில் பார்க்காமலே ஓடும். சில்லின் பின்முனை பின் விங்குக்குள் (பின்சக்கரத்தை மூடும் தகடு) போகிறதே, அங்கே விங்கின் அடிப்பகுதியை வெட்டித் திறந்தீர்களா? இல்லை, வெளியே தெரியும் மட்டும் மாற்றினீர்களா?

துருவேட்டை:
இப்போது விங்குக்குத் தாவிவிட்டீர்கள். முட்டு பற்றிப் பதில் வரவில்லை போல.

அபிங்டன்71:
தாவவில்லை. முட்டுக்கே வருகிறேன். கதவின் பின்பக்க மேல் மூலை. எத்தனை மில்லிமீட்டர்?

துருவேட்டை:
அளந்து போடுகிறேன். முதலில் உங்கள் காரின் அளவைப் போடுங்கள்.