அரசு முத்திரையில் இருப்பது எந்த ஊர்க் கோபுரம்?

வில்லிபுத்தூரான்:
தமிழ்நாடு அரசின் சின்னத்தில் இருப்பது மதுரை மேற்குக் கோபுரம், ஸ்ரீவில்லிபுத்தூர் என்பது வெறும் கதை என்று நேற்று ஒருவர் இங்கே எழுதியிருக்கிறார். படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. நான் அந்தக் கோபுரத்தின் நிழலில் வளர்ந்தவன். பதினொரு நிலை! ரேஷன் கார்டை எடுத்துப் பாருங்கள், அது எங்கள் கோபுரம்.

மாசிவீதி:
எழுதியவன் நான்தான். சின்னத்தை வரைந்த ஓவியர் கிருஷ்ணா ராவ் மதுரைக்காரர். மேற்குக் கோபுரத்தைப் பார்த்தே வரைந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். வரைந்தவரைவிட உங்களுக்கு அதிகம் தெரியுமா?

வில்லிபுத்தூரான்:
நிலைகளை எண்ணுங்கள். மதுரை மேற்குக் கோபுரம் ஒன்பது நிலை. அதில் சுதைச் சிற்பங்கள் இடைவெளியின்றி நிற்கும். சின்னத்தில் அப்படி ஒரு பொம்மையாவது தெரிகிறதா?

மாசிவீதி:
காசளவு முத்திரையில் சிற்பத்தை எப்படி வரைவார்கள்? வரைந்தவர் சொல்லே போதும்.

பனையடி:
மாதிரியாக வைத்து வரைவது வேறு, அச்சு அசலாகப் படியெடுப்பது வேறு. முதலில் அதைத் தீர்த்துக்கொள்ளுங்கள். கீழே இருக்கும் 'வாய்மையே வெல்லும்' உங்கள் கண்ணில் படவே இல்லையா?

வில்லிபுத்தூரான்:
ஐயா, நிலைகளை எண்ணச் சொன்னேன். யாரும் எண்ணவில்லை.

செங்காந்தள்:
பனையடி, 'சத்யமேவ ஜயதே'வுக்கு 'உண்மையே வெல்லும்' என்பதே சரி. வள்ளுவர் வாய்மை என்றது பிறருக்குத் தீங்கு தராத சொல்லை.

பனையடி:
தீங்கில்லாத சொல் வெல்லட்டும் என்பதில் என்ன குறை கண்டீர்கள்? மாநிலப் பாடலைப் பற்றிய பேச்சிலும் இப்படித்தான் வந்து குறுக்கே நின்றீர்கள். பனையை மாநில மரம் என்று அறிவித்துவிட்டுச் செங்கல் சூளைக்கு வெட்டிக் கொடுக்கிறோமே, அதற்கு ஒரு வார்த்தை பேசினீர்களா?

செங்காந்தள்:
பேச்சை மாற்றாதீர்கள்.

வில்லிபுத்தூரான்:
பனையை விடுங்கள். 1949 ஏப்ரலில் முதல்வரான குமாரசாமி ராஜா எந்த ஊர்? எங்கள் பக்கத்து ராஜபாளையம். சின்னம் வந்ததும் அதே ஆண்டு.

மாசிவீதி:
பக்கத்து ஊர்க்காரர் முதல்வரானால் கோபுரம் உங்களுடையதாகிவிடுமா? இது என்ன நியாயம்?

வில்லிபுத்தூரான்:
என் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழை மேசையில் விரித்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மடிப்பு விழுந்த இடத்தில் மை வெளுத்திருக்கிறது. சிங்கத் தூணுக்குப் பின்னால் கோடுகள் அடுக்கடுக்காக மேலேறுகின்றன. கீழ் நிலைகளைத் தூண் மறைக்கிறது. மறைந்ததையும் சேர்த்து எண்ணினால் பதினொன்று.

மாசிவீதி:
மறைந்திருப்பதை எப்படி எண்ணினீர்கள்?

வில்லிபுத்தூரான்:
தினமும் பார்த்த கோபுரம் ஐயா. எனக்குத் தெரியும். பதினொன்று.