ஸ்கைலேண்டர்ஸ் பொம்மையைத் திறந்து பார்த்தவர்கள் உண்டா?

கேள்வி: பீடத்தின் மேல் வைத்தால் வீடியோ கேமுக்குள் வந்துவிடும் இந்தப் பொம்மையின் அடித்தட்டைக் கத்தி முனையால் நெம்பினேன். பேட்டரியைத் தேடினால், தலைமுடி போன்ற செப்புக் கம்பிச் சுருளும் கடுகளவு சில்லும்தான் இருக்கின்றன. விளையாட்டில் சேர்த்த நிலையெல்லாம் எங்கே பதிகிறது? அவசரத்தில் கம்பியின் ஒரு முனையை வேறு அறுத்துத் தொலைத்தேன்.

பதில் 1: அந்தச் சில்லில்தான், கொள்ளளவு 1 கிலோபைட். பீடம் 13.56 மெகாஹெர்ட்ஸில் காந்தப் புலத்தை உண்டாக்குகிறது. சுருள் அதிலிருந்து மின்சாரம் பெற்றுச் சில்லை எழுப்புகிறது. பேட்டரி எதற்கு?

பதில் 2: கத்தியா! விரல் தப்பியதே பெரிது. கம்பிமேல் கண்ணுக்குத் தெரியாத எனாமல் பூச்சு இருக்கும். அதை மெல்லச் சுரண்டாமல் ஈயம் ஒட்டாது.

கேட்டவர்: சுரண்டினேன், ஒட்டியது. பழைய 10ஆம் நிலையோடு திரையில் குதித்துவிட்டது. அடித்தட்டைத்தான் கோணலாக ஒட்டிவிட்டேன். பொம்மை சாய்ந்து நிற்கிறது.