லாப்லாந்து காட்டு நடை: உள்ளூர்ச் சாப்பாடும் பீரும் எங்கே, எவ்வளவு?

வரப்பு_வழி கேட்கிறார்:

செப்டம்பர் இரண்டாம் வாரம் ஃபின்லாந்தின் வடக்கே ஊர்ஹோ கெக்கோனன் தேசியப் பூங்காவுக்குப் போகிறோம். கீலோபாவில் ஆரம்பித்து லுயிரோயார்வி ஏரி வரை போய்த் திரும்புகிற 5 நாள் நடை, அதன்பின் இனாரியில் 2 நாள். மொத்தம் நான்கு பேர், ஒருவர் சைவம். சென்னையிலிருந்து ஹெல்சின்கி, அங்கிருந்து இவாலோவுக்கு விமானம்.

பாதை, கூடாரம் பற்றியெல்லாம் நிறைய படித்தாயிற்று. கேள்வி வயிற்றைப் பற்றியது.

1. சுற்றுலா மெனுவைத் தாண்டி, அந்த ஊர்க்காரர்கள் சாப்பிடுவதை எங்கே சாப்பிடலாம்?
2. காட்டுக்குள் உள்ளூர் உணவு எதையாவது எடுத்துப்போய்ச் சமைக்க முடியுமா, அல்லது கடைசியில் நூடுல்ஸ்தானா?
3. உள்ளூர் பீர் எது, எங்கே வாங்குவது, எத்தனை கேன் சுமப்பது நியாயம்?

---

பனிமான் எழுதுகிறார்:

முதலில் கடை. பெரிய கொள்முதலை இவாலோவிலேயே முடித்துவிடுங்கள். கீலோபாவுக்குப் பக்கத்து ஊரான சாரிசெல்காவிலும் கடை உண்டு. ஆனால் இவாலோதான் வட்டாரத்துக்குச் சந்தை ஊர், விலையும் வகையும் அங்கேதான் சுமாராக இருக்கும். கீலோபாவில் உணவகமும் வாடகைச் சாமான் கடையும் இருக்கின்றன. ஒரு வாரத்துக்கான மளிகையை அங்கே எதிர்பார்க்க வேண்டாம்.

மலிவாகவும் உள்ளூர்த்தனமாகவும் சாப்பிட வேண்டுமானால் வார நாள் மதியம் 11 முதல் 2 வரை "லோவுனாஸ்" என்று எழுதி வைத்திருக்கும் இடத்துக்குள் நுழையுங்கள். மதியச் சாப்பாடு, பெரும்பாலும் நாமே எடுத்துப் போட்டுக்கொள்வது: சாலட், ரொட்டி, ஒரு சூப் அல்லது இறைச்சி, காப்பி எல்லாம் ஒரே விலையில். 12 முதல் 15 யூரோ வைத்துக்கொள்ளுங்கள். லாரி ஓட்டுபவரும் பஞ்சாயத்து அலுவலரும் அங்கேதான் சாப்பிடுகிறார்கள். அதே கடையில் மாலை மெனுவில் கலைமான் வறுவல் மட்டும் 25 யூரோவைத் தாண்டும்.

இனாரியில் சீதா அருங்காட்சியகத்தில் உள்ள சாரித் உணவகத்துக்கு மதியம் போங்கள். குல்தாஹோவி விடுதியின் ஆனார் உணவகம் மாலைக்கு. இரண்டிலுமே இனாரி ஏரியின் மீன் இருக்கிறதா என்று கேளுங்கள். "சீகா" என்னும் வெண்மீனும் "ரேஸ்கா" என்று அந்த ஊரில் அழைக்கும் சிறுமீனும்தான் அங்கத்திய மீன். ரேஸ்காவை ரை மாவில் புரட்டி வெண்ணெயில் பொரித்துத் தலையோடு தருவார்கள். நம்மூர் நெத்திலி வறுவல் தின்கிறவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சால்மனை "உள்ளூர்" என்று சொன்னால் நம்பாதீர்கள். வடக்கத்திச் சால்மன் ஆறான தேனோவில் 2021 முதல் சால்மன் பிடிக்கத் தடை. தட்டில் இருப்பது அனேகமாக நார்வே வளர்ப்பு மீன். ருசிக்குக் குறைவில்லை, பெயர்தான் பொய்.

காட்டுக்கு: ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 700 முதல் 800 கிராம் உலர் உணவு என்று கணக்கிடுங்கள். வழியில் மீன் பிடித்துக்கொள்ளலாம் என்று ரேஷனைக் குறைக்காதீர்கள். உள்ளூர் வகையில் சுமக்கத் தக்கவை:

குய்வாலிஹா. உப்பிட்டு மார்ச், ஏப்ரல் குளிரில் வெளியே தொங்கவிட்டுக் காயவைத்த கலைமான் இறைச்சி. விலை கண்ணைக் கட்டும், ஆனால் 100 கிராமைக் கத்தியால் சீவிச் சீவித் தின்றால் இருவருக்கு ஒரு மதியம் ஓடிவிடும். கடித்து இழுக்காதீர்கள், நாருக்குக் குறுக்கே மெல்லிசாகச் சீவ வேண்டும்.

லெய்பாயூஸ்தோ. தட்டையாகச் சுட்ட பாலாடைக்கட்டி, பல்லில் கீச்சிடும். தீயில் வாட்டினால் உருகி ஓடாது. துண்டுகளாக்கிச் சூடான காப்பியில் போட்டு, கடைசியில் கரண்டியால் எடுத்துத் தின்பது வடக்கத்திப் பழக்கம். பிரித்த பாக்கெட்டை 2 நாளுக்குள் முடித்துவிடுங்கள்.

மெல்லிய காய்ந்த ரை ரொட்டி ("நாக்கிலெய்பா") வாரக்கணக்கில் கெடாது. "ரியெஸ்கா" என்ற பார்லி ரொட்டி மென்மை, ருசி, ஆனால் மூன்றாம் நாள் பூசணம். முதல் இரண்டு நாளுக்கு மட்டும்.

அப்புறம் தரையிலேயே கிடப்பது. செப்டம்பரில் புவோலுக்கா என்ற சிவப்புப் பழம் உச்சத்தில் இருக்கும், முஸ்டிக்கா என்ற நீலப் பழம் முடியும் தறுவாயில். பறிக்க அனுமதி வேண்டாம், பூங்காவுக்குள்ளும் பறிக்கலாம். எல்லாரும் படம் போடுகிற மஞ்சள் ஹில்லா ஜூலை கடைசி, ஆகஸ்ட் தொடக்கத்துச் சமாசாரம். உங்களுக்கு ஜாமாகத்தான் கிடைக்கும்.

---

நுரைமன்னன் எழுதுகிறார்:

பீருக்கு வருவோம்.

கடை அலமாரியில் "லாப்பின் குல்தா", அதாவது "லாப்லாந்தின் தங்கம்", என்று இருக்கும். அதைப் பார்த்து உள்ளூர்ச் சரக்கு என்று ஏமாறுவோர் அதிகம். ஒருகாலத்தில் அது தோர்னியோவில் காய்ச்சிய பீர்தான். அந்த ஆலை 2010இல் மூடப்பட்டது. இப்போது தெற்கே லஹ்தியில் தயாராகிறது. ஆகவே முன்பக்கத்துப் பெயரையும் படத்தையும் விட்டுவிட்டு, பின்பக்கம் "வால்மிஸ்தாயா" என்ற சொல்லைத் தேடுங்கள். தயாரிப்பாளர் என்று பொருள், பக்கத்தில் ஊர்ப்பெயர் இருக்கும். தோர்னியோ, ரோவானியெமி என்று இருந்தால் வடக்கத்திச் சரக்கு.

மளிகைக் கடையில் 5.5 சதவீதம் வரைதான் விற்பார்கள். அதற்கு மேல் ஆல்கோ என்ற அரசு மதுக்கடைதான். டாஸ்மாக் மாதிரி ஏகபோகம், வரிசையும் வெளிச்சமும் வேறு. ஞாயிறு மூடியிருக்கும், சனி மாலை 6க்கு மேல் நம்பாதீர்கள். மளிகைக் கடையில் காலை 9 முதல் இரவு 9 வரை. 9:01க்குக் கல்லாவில் நீட்டினாலும் எடுத்து வைத்துவிடுவார்கள். கல்லாவில் வயதுச் சான்று கேட்டால் கடவுச்சீட்டைக் காட்டுங்கள்.

இனி சுமை. 0.33 லிட்டர் கேன் ஒன்று ஏறத்தாழ 350 கிராம். ஆறு எடுத்தால் 2 கிலோவுக்கு மேல், ஒரு ஆளின் மூன்று நாள் சாப்பாட்டின் எடை. என் கணக்கு ஆளுக்கு இரண்டே கேன்: ஒன்று முதல் இரவுக்கு, இன்னொன்று லுயிரோயார்விக்கு. அங்கே பொதுச் சவுனா, அதாவது நீராவிக் குளியலறை, இருக்கிறது. குளித்து வெளியே வந்து ஏரிக்கரையில் உட்காரும்போது அந்த ஒன்றுக்கு வேறெதுவும் ஈடாகாது. மேலும் வேண்டுமென்பவர் 200 மில்லி விஸ்கியைப் பிளாஸ்டிக் குப்பியில் ஊற்றிக்கொள்ளலாம். அதில் உள்ள ஆல்கஹால் 4.7 சதவீத பீர் ஐந்து கேனுக்குச் சமம், எடை எட்டில் ஒரு பங்கு.

குளிர வைக்க ஓடையில் போடுவீர்கள். வலைப்பையில் போட்டுக் கரைக்கல்லில் கட்டிவிட்டுப் போடுங்கள். நீரோட்டம் கேனை உருட்டிக்கொண்டு போனால் பீரும் போச்சு, குப்பை போட்ட பாவமும் உங்களுக்கு.

காலி கேன்: பூங்காவில் குப்பைத்தொட்டி கிடையாது, எல்லாவற்றையும் திரும்பச் சுமக்க வேண்டும். நசுக்கினால் இடம் மிச்சம். ஆனால் கேனுக்கு 15 சென்ட் வைப்புத்தொகை, "பாந்தி", வாங்கும்போதே கட்டியிருப்பீர்கள். நசுங்கிய கேனின் கோட்டுக்குறியை இயந்திரம் படிக்காது, காசு வராது. எட்டு கேனுக்கு 1 யூரோ 20 சென்ட். நசுக்குவதா வேண்டாமா என்பதை உங்கள் பையே சொல்லும்.

---

பனிமான் எழுதுகிறார்:

மன்னரே, 5.5 பழைய கதை. 2024 ஜூன் முதல் நொதிக்கவைத்த பானங்கள் 8 சதவீதம் வரை மளிகைக் கடைக்கு வந்துவிட்டன. பீர், சைடர் எல்லாம் அதில் அடக்கம். 5.5 வரம்பு காய்ச்சி வடித்த சாராயத்தில் செய்யும் பானத்துக்கு மட்டும் நிற்கிறது. அதனால்தான் ஜின் கலந்த லோங்கெரோ இன்னும் 5.5இலேயே அந்த அலமாரியில் இருக்கிறது. ஆகவே திடமான கறுப்பு பீருக்காக ஆல்கோவைத் தேடி அலைய வேண்டியதில்லை.

இன்னொன்று: இவாலோவில் கார் வாடகைக்கு எடுத்தால் ஓட்டுபவர் மதியத்தில் பீரைத் தொட வேண்டாம். சட்ட வரம்பு 0.5 புரோமில் (ரத்தத்தில் ஆயிரத்தில் அரைப் பங்கு ஆல்கஹால்), காலையிலும் ஊதச் சொல்வார்கள்.

---

வரப்பு_வழி எழுதுகிறார்:

ரொம்ப நன்றி. கலைமான் வறுவலை வழியில் உள்ள காட்டுக் குடிலில் நாமே செய்ய முடியுமா? கடையில் உறைந்த பொட்டலமாகக் கிடைக்கும் என்று எங்கோ படித்தேன். சைவ நண்பருக்கும் யாராவது வழி சொல்லுங்கள்.

---

பனிமான் எழுதுகிறார்:

முடியும், ஆனால் முதல் இரவுக்கு மட்டும். பொட்டலத்தில் "போரோன்கேரிஸ்டிஸ்" என்று இருக்கும். உறைந்த இறைச்சியை மெல்லிய சீவலாக்கியது. மூவருக்கு 700 கிராம். வாங்கியதும் விடுதி உறைபெட்டியில் வைத்து, கிளம்பும் காலையில் செய்தித்தாளில் நாலு சுற்றுச் சுற்றி உறங்குபைக்குள் திணியுங்கள். மேலே ஒரு பிளாஸ்டிக் உறை அவசியம்.

குடிலில் விறகடுப்பு மூட்டி, சட்டியில் 60 கிராம் வெண்ணெய் நுரைத்து அடங்கியதும் மூன்றில் ஒரு பங்கு சீவலைப் போடுங்கள். பாதி உறைந்த நிலையிலேயே போட வேண்டும். முழுக்க இளகவிட்டால் சீவல்கள் ஒன்றோடொன்று ஒட்டி, நீர் விட்டு, வறுபடாமல் சாம்பல் நிறத்தில் வேகும். பெரும்பாலோர் கெடுப்பது இங்கேதான். மொத்தத்தையும் ஒரே தடவையில் கொட்டினாலும் இதே கதிதான். நிறம் மாறியதும் ஒதுக்கிவிட்டு அடுத்த பங்கு. எல்லாம் வறுபட்டபின் 2 டெசிலிட்டர் தண்ணீர், அல்லது மனம் வந்தால் அரை கேன் கறுப்பு பீர், ஊற்றி மூடி 40 நிமிடம் மெல்லக் கொதிக்கவிடுங்கள். உப்பு கடைசியில், ஒரு தேக்கரண்டியில் தொடங்கி ருசி பார்த்து. மிளகைத் தவிர வேறு மசாலா போடாதீர்கள், ஒரு தடவையாவது.

தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு மசியல். கடையில் செதிலாகக் கிடைக்கும், வெந்நீர் போதும். வழியில் பறித்த புவோலுக்காவைச் சர்க்கரையோடு கரண்டியால் நசுக்கிப் பக்கத்தில் வையுங்கள். அந்தப் புளிப்பு இல்லாவிட்டால் சாப்பாடு பாதிதான்.

எரிவாயு அடுப்பில் 40 நிமிடம் வேகவைத்தால் உருளை பாதி காலியாகும், ஆகவே விறகு. காட்டுத்தீ எச்சரிக்கை அமலில் இருந்தால் வெளியே நெருப்பு கூடாது. புகைபோக்கி உள்ள குடில் அடுப்பில் தடையில்லை. குடில் பொதுச்சொத்து, முன்பதிவு கிடையாது, கடைசியில் வருபவருக்குத்தான் முதல் உரிமை. இடம் நிரம்பினால் முன்னே வந்தவர்கள்தான் கிளம்பிக் கூடாரம் அடிக்க வேண்டும். எனவே சமையலை சீக்கிரம் முடியுங்கள்.

---

கீரைத்தண்டு எழுதுகிறார்:

சைவத்துக்கு முக்கியமான எச்சரிக்கை. மெனுவில் "வி எல்" என்ற இரண்டு எழுத்தைப் பார்த்து சைவம் என்று ஆர்டர் செய்துவிடாதீர்கள். லாக்டோஸ் குறைவு என்றுதான் பொருள். கலைமான் குழம்புக்குப் பக்கத்திலும் அதே எழுத்து இருக்கும். "கஸ்விஸ்" என்ற சொல்லைத் தேடுங்கள். வியாழன் மதியம் பட்டாணி சூப் பல இடங்களில் வழக்கம், அதில் பெரும்பாலும் பன்றி இறைச்சி விழுந்திருக்கும். கேட்டுவிட்டு எடுங்கள். காளான் சூப், புட்டு மாதிரி வெந்த பார்லி, ரை கஞ்சி இவை பெரும்பாலும் பாதுகாப்பு. லெய்பாயூஸ்தோவில் பாலைத் திரிக்க ரென்னட் சேரும், அது கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்ததாக இருக்கலாம், அதைப் பொருட்படுத்துகிறவரானால் தவிர்க்கவும்.

ஊரிலிருந்து கொண்டுவருவதில் கவனம்: ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இறைச்சியும் பால் பொருளும் கொண்டுவரக் கூடாது. நெய்யும் பால் பொருள்தான், பால் பவுடரும்தான். பச்சைக் கறிவேப்பிலையும் வேண்டாம். பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், அவல், வறுத்த ரவை பிரச்சினையில்லை. பருப்புப்பொடிக்கு வெண்ணெயை இவாலோவிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். கருவாடு சட்டப்படி கொண்டுவரலாம், ஆனால் பத்துப் பேர் தூங்கும் குடிலில் அதை வறுப்பதைச் சட்டம் தடுக்கவில்லை என்பதற்காகச் செய்துவிடாதீர்கள்.