பைக்யூட்டியில் எழுதிய புரோகிராமை விற்றால் சோர்ஸ் கோடைக் கொடுத்தாக வேண்டுமா?

வறண்டபாலாறு:
வணக்கம். காட்பாடியில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் ஒரு டேனரிக்கு (தோல் பதனிடும் ஆலை) லாட் கணக்கு புரோகிராம் எழுதியிருக்கிறேன். வெட் ப்ளூவாக (குரோமில் பதனிட்ட ஈரத்தோல்) வந்த தோல் எத்தனை, எந்த டிரம்மில் போனது, ஃபினிஷிங் முடிந்து எத்தனை சதுர அடி தேறியது, இவ்வளவுதான் அதன் வேலை.

முதலாளியின் மகன் கொடுத்த ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கிறது: "மென்பொருளின் எந்தப் பகுதியும் மூலநிரலை வெளியிடக் கோரும் உரிமத்தின் கீழ் இருத்தல் கூடாது." மூலநிரல் என்றால் சோர்ஸ் கோடு, அதாவது நாம் எழுதும் நிரல். எனக்கும் அந்தச் சோர்ஸைக் கொடுக்க மனமில்லை. இதையே வாணியம்பாடியிலும் கேட்டிருக்கிறார்கள்.

உள்ளே இருப்பவை: பைத்தான், திரைக்கு பைக்யூட்டி 5, வரைபடத்துக்கு க்யூட்டி சார்ட்ஸ், டெலிவரி சலான் பிடிஎஃப்பில் சீல் பதிக்க பைம்யூபிடிஎஃப், டேட்டாவுக்கு எஸ்க்யூலைட். பைஇன்ஸ்டாலரில் ஒரே எக்ஸி ஃபைலாகக் கட்டினேன். எல்லாம் காசில்லாமல் இறங்கியவை. இதில் எது இடிக்கும்?

ஜவ்வாதுதேன்:
எக்ஸியாகக் கொடுத்தபின் யார் பிரித்துப் பார்க்கப் போகிறார்கள்? கையெழுத்துப் போட்டுவிட்டு பணத்தை வாங்குங்க ப்ரோ.

ஆம்பூர்_ஆள்:
பைஇன்ஸ்டாலர் கட்டிய எக்ஸியைப் பிரிக்க இலவசக் கருவியே இருக்கிறது, ஐந்து நிமிட வேலை. அதை விடுங்கள். கையெழுத்துப் போட்டபின் மாட்டினால் தம்பி இரண்டு பக்கமும் பதில் சொல்ல வேண்டும், நூலகம் (நீங்கள் உள்ளே சேர்த்த ஆயத்த நிரல்) எழுதியவருக்கும் டேனரிக்கும்.

தம்பி, காசில்லாமல் கிடைப்பது வேறு, என்ன நிபந்தனையில் கிடைக்கிறது என்பது வேறு. உங்கள் பட்டியலில் மூன்று இடிக்கிறது.

பைக்யூட்டி ஜி.பி.எல். 3, அதாவது சேர்த்து விற்கும் புரோகிராமின் சோர்ஸையும் கொடுக்கச் சொல்லும் உரிமம். அதைச் சேர்த்து எக்ஸியை விற்றால் உங்கள் புரோகிராம் முழுவதையும் ஜி.பி.எல்.லின் கீழ்தான் கொடுக்க வேண்டும். உலகத்துக்கே சோர்ஸைத் திறந்து வைக்க வேண்டும் என்று சிலர் பயமுறுத்துவார்கள், அது தவறு. எக்ஸி யார் கைக்குப் போகிறதோ அவருக்குக் கொடுத்தால் போதும், காசும் வாங்கலாம். ஆனால் டேனரிக்காரர் அதை வாணியம்பாடிக்கு இலவசமாகத் தூக்கிக் கொடுத்தால் நீங்கள் தடுக்க முடியாது. இதிலிருந்து தப்ப, பைக்யூட்டியை எழுதும் ரிவர்பேங்க் கம்பெனியிடம் வணிக உரிமம் வாங்கலாம். இல்லையென்றால் அதே வேலையைச் செய்யும் பைசைடு 6-க்கு மாறுங்கள், அது எல்.ஜி.பி.எல்., நூலகத்தின் சோர்ஸைத்தான் கேட்கும், உங்கள் சோர்ஸைக் கேட்காது. பைக்யூட்டி சிக்னல் என்று எழுதிய இடமெல்லாம் வெறும் சிக்னல் ஆகும், அப்புறம் சில்லறை மாற்றங்கள்.

அங்கேதான் ஒரு பொறி. பைசைடுக்கு மாறினாலும் க்யூட்டி சார்ட்ஸ் ஜி.பி.எல்.தான். பைக்யூட்டி, பைசைடு இரண்டுக்கும் அடியில் இருக்கும் க்யூட்டி நூலகத்தில் எல்லா மாட்யூலுக்கும் ஒரே உரிமம் கிடையாது, பலரும் இதைப் பார்ப்பதே இல்லை. வரைபடத்துக்கு பைக்யூட்டிகிராஃப் போடுங்கள், சோர்ஸ் கேட்காத எம்.ஐ.டி. உரிமம், பைசைடோடு ஓடும்.

பைம்யூபிடிஎஃப் ஏ.ஜி.பி.எல்., அது ஜி.பி.எல்.லை விடவும் கடுமை. சலானை நீங்களே உருவாக்குவதால் சீலையும் பிடிஎஃப் உருவாக்கும் ரிப்போர்ட்லேப் நூலகத்திலேயே வரைந்துவிடலாம். ஏற்கெனவே உள்ள பிடிஎஃப்பின் மேல் பதிக்க பைபிடிஎஃப் போதும். இரண்டுமே பி.எஸ்.டி., அதுவும் சோர்ஸ் கேட்காத உரிமம்.

எஸ்க்யூலைட் பொதுச்சொத்து. பைஇன்ஸ்டாலர் ஜி.பி.எல். என்றாலும், கட்டிய எக்ஸியை எந்த உரிமத்திலும் விற்கலாம் என்று விதிவிலக்கு எழுதியே வைத்திருக்கிறார்கள்.

அகழி_ஓரம்:
எக்ஸியே கொடுக்காமல் சர்வரில் வைத்து பிரௌசரில் ஓட்டினால்?

ஆம்பூர்_ஆள்:
வெறும் ஜி.பி.எல். என்றால் தப்பிக்கலாம், பிரதி யார் கைக்கும் போகவில்லையே. அந்த ஓட்டையை அடைக்கத்தான் ஏ.ஜி.பி.எல். வந்தது. அதன் 3-ஆம் பதிப்பு வந்தது 2007-இல். பைம்யூபிடிஎஃப்பை மாற்றி எழுதி நெட்வொர்க் வழியாகப் பயன்படுத்தக் கொடுத்தாலும் அவர்களுக்கு சோர்ஸைக் காட்ட வேண்டும்.

வறண்டபாலாறு:
மிக்க நன்றி அண்ணா. பைசைடுக்கு மாறிக்கொண்டிருக்கிறேன். எல்.ஜி.பி.எல். என்றால் நான் வேறு எதுவும் செய்ய வேண்டாம்தானே?

ஆம்பூர்_ஆள்:
செய்ய வேண்டும். ஒரே எக்ஸியாகக் கட்டாதீர்கள், ஃபோல்டராகக் கட்டுங்கள். வாங்கியவர் வேறு க்யூட்டி டி.எல்.எல்.லை (நூலக ஃபைல்) மாற்றிப் போட்டு ஓட்டிப் பார்க்க வழி இருக்க வேண்டும் என்பது நிபந்தனை, ஃபோல்டரில் அது எளிது. உரிமங்களின் முழு வாசகத்தையும் ஒரு ஃபோல்டரில் வையுங்கள், எம்.ஐ.டி., பி.எஸ்.டி.க்கும் சேர்த்து. உங்கள் விற்பனை நிபந்தனையில் "பிரித்து ஆராயக் கூடாது" என்று பொத்தாம்பொதுவாக எழுதியிருந்தால், க்யூட்டியை மாற்றிப் பார்க்கும் தேவைக்கு மட்டும் விலக்குக் கொடுங்கள். சேர்த்துக் கொடுக்கும் அதே பதிப்பு க்யூட்டி, பைசைடு இரண்டின் சோர்ஸ் ஜிப்பையும் பென்டிரைவில் போட்டுக் கொடுத்துவிடுங்கள். யாரும் திறக்க மாட்டார்கள், ஆனாலும் கடமை தீர்ந்தது.

இன்னொன்று. ஒப்பந்த வரி "எந்தப் பகுதியும்" என்கிறது. க்யூட்டியும் ஒரு பகுதிதான், அதன் சோர்ஸைக் கொடுக்கச் சொல்லும் உரிமம்தான் எல்.ஜி.பி.எல். ஆக இத்தனை மாற்றியும் அந்த வரி உங்களைப் பிடிக்கும். கையெழுத்துக்கு முன், "விற்பவர் தாமே எழுதிய பகுதியின் மூலநிரலை" என்று திருத்தச் சொல்லுங்கள், நூலகப் பட்டியலை இணைப்பாக வையுங்கள். அவர்கள் வக்கீல் மறுத்தால் உங்கள் பக்கமும் ஒரு வக்கீலிடம் காட்டுங்கள்.

வறண்டபாலாறு:
திங்கட்கிழமை டேனரிக்குப் போகிறேன். பட்டியலை அச்செடுத்துவிட்டேன்.